உலர்வதற்கு ஒரு பகல்

திருவனந்தபுரத்து வீடுகளில் காற்றுச் செடி தாகத்தால் சாவது அபூர்வம். பெரும்பாலும் ஈரத்தால்தான் சாகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஜூன் மாதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வழக்கத்தைவிடப் பசுமையாகக்கூட இருக்கும். ஜூலைக் கடைசியில் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அடிப்பாகம் பழுப்பேறிக் குழைந்து, லேசான அழுகல் வாடை வீசும். இத்தனைக்கும் அந்த வீட்டில் செடியை யாரும் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். வாரம் தவறாமல் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பார்கள்.

முக்கச் சொன்னது செடியோடு வந்த குறிப்பு. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும், இடையிடையே தெளிக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி அச்சாகும் குறிப்பு. குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடி, காற்றில் ஈரம் வற்றிப்போன அறைகளுக்கு அது பொருந்தும். அங்கே செடியைக் காப்பாற்றவும் செய்யும். ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் அகத்தியமலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரண்டு பருவங்களில் என்றிருக்கும் ஊரில் அதே குறிப்பு செடியைக் கொன்றுவிடும். இங்கே தண்ணீர் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தால் போதும். நனைந்த செடி எப்போது, எப்படி உலரும் என்பதைத்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

நர்சரிகளில் காற்றுச் செடி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் டில்லாண்ட்சியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. 600-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பக் கிளை அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் தொடங்கி அர்ஜென்டினா, சிலி வரை பரவியிருக்கிறது. இயற்கையில் அந்தக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் இல்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவந்து கேரளத்து மண்ணில் வேரூன்றிவிட்ட அன்னாசிக்கு நெருங்கிய உறவு. அன்னாசி மண்ணில் நிற்கிறது, டில்லாண்ட்சியா கிளையில் நிற்கிறது. வேர் இதற்கும் உண்டு. ஆனால் அந்த வேரின் வேலை பற்றிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. குடிப்பதும் உண்பதும் இலைகள்.

இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய செதில்கள் தெரியும். உலர்ந்திருக்கும்போது அவை விளிம்பு தூக்கி நின்று வெயிலைச் சிதறடிக்கின்றன; செடிக்கு வெள்ளி பூசிய நிறம் வருவது அதனால்தான். ஒரு துளி நீர் பட்டதும் செதில்கள் அதை இழுத்துக்கொண்டு இலையோடு படிந்துவிடுகின்றன. வெள்ளி மறைந்து உள்ளிருக்கும் பச்சை மேலே வருகிறது. வளர்ப்பவருக்கு இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை: பச்சையாக இருந்தால் செடி நனைந்திருக்கிறது, வெளிறினால் உலர்ந்துவிட்டது. அட்டகாமா பாலைவனத்தின் மணல் மேடுகளில் டில்லாண்ட்சியா லாண்ட்பெக்கி என்ற இனம், மண்ணிலிருந்து எதையும் எடுக்காமல், பசிபிக் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியைப் பிடித்தே வாழ்கிறது. காற்றை மட்டும் உண்டு வாழும் செடி உலகில் எதுவும் இல்லை. காற்று சுமந்துவரும் நீரையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும் திறமைதான் இவற்றின் பிழைப்பு.

இந்தத் திறமையைத் தாவரவியலாளர் லின்னேயஸே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். பின்லாந்தின் துர்க்கு நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் எலியாஸ் டில்லாண்ட்ஸ் (1640–1693). துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலில் போனபோது கடல் குமட்டலால் மிகவும் துன்பப்பட்டு, திரும்பும்போது போத்னியா வளைகுடாவை முழுக்கச் சுற்றிக்கொண்டு தரைவழியாகவே வீடு வந்து சேர்ந்தார் என்பது லின்னேயஸ் சொன்ன கதை. ஈரம் ஆகாத செடி என்று தாம் நினைத்ததற்கு, தண்ணீருக்கு அஞ்சிய அந்த மனிதரின் பெயரை வைத்தார். 1753-இல் வெளியான அவருடைய நூலில் அந்தப் பெயர் இருக்கிறது. நீர் இல்லாமல் இந்தச் செடி வாழாது என்பதால் லின்னேயஸ் நினைத்தது பிழை. ஆனாலும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் நான்கைந்து செடிகளை இழந்த ஒருவர் அந்தப் பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்வார்.

அழுகலுக்குக் காரணம் பூஞ்சை என்பது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி, செடி இரவில் செய்யும் வேலையில் இருக்கிறது.

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் உள்ளிருக்கும் நீரும் அதே துளை வழியே ஆவியாகிவிடுகிறது. மண்ணில் வேர் உள்ள செடிக்கு அந்த இழப்பு தாங்கும். கிளையில் தொங்கும் செடிக்குத் தாங்காது. எனவே டில்லாண்ட்சியாக்களில் பல பகலில் துளைகளை மூடிவைத்து, வெப்பம் தணிந்த இரவில் திறக்கின்றன. அப்போது எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்துவைத்து, மறுநாள் வெயில் வந்த பின் மூடிய கதவுக்குள்ளேயே அதைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. அன்னாசியும் சோற்றுக்கற்றாழையும் சப்பாத்திக் கள்ளியும் இதே வழியில்தான் வாழ்கின்றன.

இதை முதலில் நாவால் அறிந்து எழுதிவைத்தவர் தரங்கம்பாடி வழியாக இந்தியாவுக்கு வந்தவர். பெஞ்சமின் ஹைன் என்ற அந்த ஜெர்மானியர் 1792-இல் மொராவிய மிஷனரிகளோடு அங்கே வந்திறங்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்து, 1819-இல் மதராஸிலேயே இறந்தார். ரணகள்ளியின் இலையைக் காலையில் பறித்து மென்றால் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலுக்குள் அந்தப் புளிப்பு போய்விடுகிறது, மாலையில் ஏறக்குறையக் கசக்கிறது என்று அவர் கவனித்தார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் 1815-இல் அது அச்சானது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதற்கான வேதியியல் விளக்கம் முழுமையாகக் கிடைக்க அதன் பிறகு நூறாண்டுக்கும் மேல் ஆனது. ஆனால் நிகழ்வு அந்தச் சுவைக் குறிப்பிலேயே இருக்கிறது.

ரணகள்ளியைத்தான் தமிழ்நாட்டில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பார்கள். திருவனந்தபுரத்தில் அது இலமுளச்சி. ஓர் இலையைப் பறித்து நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால், மண்ணும் நீரும் இல்லாமல் விளிம்பு முழுக்கக் கன்று முளைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து வளர்த்துப் பார்ப்பதும் இதைத்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கும் காற்றுச் செடி என்ற பெயர் உண்டு.

திருவனந்தபுரத்துக்காரர் மழையை நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரவில் இலைமேல் நீர்ப்படலம் நின்றால் செதில்கள் துளைகளை மூடியபடியே கிடக்கும். வாயு உள்ளே போக வழியில்லை. ஓர் இரவு அப்படிப் போனால் கேடில்லை. பல இரவுகள் தொடர்ந்தால் செடி ஈரத்துக்கு நடுவே பட்டினி கிடக்கிறது. பட்டினியால் தளர்ந்த செடியைத்தான் பூஞ்சை எளிதில் பிடிக்கிறது. காலையில் நனைத்து, மாலைக்குள் உலரவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இந்த ஊரின் இரண்டு மழைக்கும் குணம் வேறு. இடவப்பாதி ஜூன் தொடக்கத்தில் வந்தால் நாள் கணக்கில் விட்டுவிட்டுப் பெய்யும். வானம் மூடியே கிடக்கும். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும். எல்லோரும் அஞ்சுவது அந்த மழைக்குத்தான். ஆனால் அக்டோபர், நவம்பரில் வரும் துலாவர்ஷம் காற்றுச் செடிக்கு வேறு வகையில் ஆபத்தானது. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்து, மாலையில் இடியோடு கொட்டும். செடி சரியாக இரவு தொடங்கும் நேரத்தில் நனைந்து, விடியும் வரை ஈரத்திலேயே இருக்கும். வெயிலைப் பார்த்து ஏமாந்து, மழைக்காலம் முடிந்தது என்று செடியை வெளியே மாட்டுகிறவர்கள் அப்போதுதான் இழக்கிறார்கள்.

எனவே இந்த ஊரில் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பராமரிப்பின் பெரும்பகுதி. கேரளத்து வீடுகளின் முன்புறச் சிட்-அவுட் நல்ல இடம், அதுவும் கிழக்கு பார்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது: காலை வெயில் படும், சாரல் அடிக்காது, கேட்டிலிருந்து உள்ளே வரும் காற்று நிற்காமல் ஓடும். அதைவிடவும் நல்ல இடம் ஒன்று பல வீடுகளில் யோசிக்கப்படாமல் இருக்கிறது. மழைக்காலத்தில் துணி காயப்போடுவதற்கென்றே மொட்டைமாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போட்டிருப்பார்கள். நான்கு பக்கமும் திறந்த அந்த இடத்தில், கொடிக்குப் பக்கத்தில் மாட்டிய செடி ஈரத்தால் சாவதில்லை. துணி எங்கே காய்கிறதோ அங்கே செடியும் காயும். ஒரே எச்சரிக்கை, மார்ச்சிலிருந்து மே வரை தகரம் காய்ந்து கீழே அனலை இறக்கும். அப்போது ஷேட்நெட்டுக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்காவது இறக்கி மாட்டிவிட வேண்டும். ஆண்டில் இந்த ஊரில் தண்ணீரில் முக்குவதற்கு உண்மையான தேவை இருப்பதும் அந்த மாதங்களில்தான். வாரம் இரண்டு காலை போதும். முக்கி எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து உதறி, இலைக் கக்கத்தில் நீர் தங்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும்.

கண்ணாடிக் குடுவைக்குள் கூழாங்கல் பரப்பி, பாசி வைத்து, நடுவில் ஒரு செடியை உட்கார்த்திப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இங்கும் வந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் காற்றால் வாழும் செடியைக் காற்று புகாத இடத்தில் வைப்பது கொடுமை. குடுவையை ஜன்னலோரம் வைத்தால் வெயிலில் உள்ளே கொதிக்கும். உள்ளறையில் வைத்தால் ஈரம் வெளியேறாது. பரிசாகப் பெற்றவர்கள் அன்றைக்கே செடியை வெளியில் எடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிடலாம்.

எந்த இனத்தை வாங்குவது என்பதிலும் ஊரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போலிருக்கும் டில்லாண்ட்சியா டெக்டோரம் ஈக்வடார், பெரு நாட்டு வறண்ட மலைகளின் செடி. அதைத் திருவனந்தபுரத்தில் ஒரு மழைக்காலம் கடத்துவதே பெரும்பாடு. இலை பச்சையாக, வழவழப்பாக இருக்கும் பல்போசா தாழ்நிலத்து ஈரக் காடுகளில் வளர்வது. இந்த ஊர்க் காற்று அதற்குப் புதிதல்ல. அடிப்பகுதி குமிழ் போல உப்பி உள்ளே கூடாக இருக்கும், அமெரிக்கக் காடுகளில் அந்தக் கூட்டுக்குள் எறும்புகள் குடியிருக்கும். கூட்டில் நீர் இறங்கித் தங்காமல் தலைகீழாக மாட்டினால் பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு வெளிறிய இலையோ அவ்வளவு வறட்சிக்குப் பழகியது, எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஈரத்துக்குப் பழகியது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

இந்த விதிக்குள் அடங்காமல், வெளிறிய நிறத்தோடு இங்கே செழிப்பது ஸ்பானிஷ் மாஸ். நரைத்த தாடி போலத் தொங்கும் இது பாசியே அல்ல. டில்லாண்ட்சியாதான், பூக்கவும் செய்யும். வேர் முற்றிலும் இல்லாமல் கிளைக்குக் கிளை காற்றில் பறந்து தொற்றிப் பரவும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதை உலர்த்தி மெத்தைக்கும், தொடக்க காலக் கார்களின் இருக்கைக்கும் அடைத்திருக்கிறார்கள். கொத்தாகத் திரண்ட பிறகு உட்பகுதிக்குக் காற்று போகாமல் போவதுதான் இங்கே அதற்கு வரும் ஒரே நோய். வெளியே வெள்ளியாக இருக்கும், உள்ளே கறுத்துக் கிடக்கும். மே மாதக் கடைசியில் கொத்தைப் பிரித்து, மெல்லிய சரங்களாக இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இடவப்பாதியைத் தாண்டிவிடும்.

தண்ணீரின் தரம் இன்னொரு விஷயம். அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் திறந்து வைத்தால் குளோரின் வாடை குறையும். கிணறு உள்ள வீடுகளில் உப்புச்சுவை இல்லாத கிணற்றுநீர் சரி. கடலோரத்து வீடுகளில் உவர்ப்பேறிய நீர் வேண்டாம். உப்பு செதில்களின் மேல் படிந்து அடைத்துவிடும். மழைநீருக்கு நிகர் எதுவுமில்லை. கூரையிலிருந்து முதல் மழை கழுவிவிட்ட பின் பிடித்து வைத்தால் கோடைக்கு ஆகும்.

தாமிரம் இந்தச் செடிகளுக்கு நஞ்சு. செம்புக் கம்பியில் கட்டிய செடி மெதுவாகக் கருகும். ஆனால் கேரளத்தில் பெரிய ஆபத்து கம்பியில் இல்லை, மருந்தில் இருக்கிறது. தென்னையின் குருத்தழுகலுக்கும் மிளகின் வாட்டத்துக்கும் பாக்கு மரத்தின் காயழுகலுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பது இங்கே தலைமுறைப் பழக்கம். அதுவும் மழைக்கு முன்னும் மழையிடைவெளியிலும். பக்கத்துத் தோட்டத்தில் தெளிக்கும்போது காற்று வாக்கில் நீலச் சாரல் வந்து படிந்தால் போதும். அழுகலைக் கண்டு பயந்து, கடைக்காரர் கொடுத்த தாமிரப் பூஞ்சைக்கொல்லியைத் தாமே தெளித்துச் செடியை முடித்துவிடுபவர்களும் உண்டு. கட்டுவதற்கு மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு மேல். எதையும் கசியவிடாது, வெயிலிலும் தாங்கும்.

பூக்கும் காலம் வந்தால் அயோனந்தா போன்ற சிறு இனங்களில் நடு இலைகள் சிவந்து, ஊதாக்குழல் நீட்டும். ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். அதன் உறவான அன்னாசியைப் போலவே, பூத்த தாய் பக்கத்தில் கன்று விட்டு மெதுவாக ஓய்கிறது. கன்று தாயில் மூன்றில் ஒரு பங்கு வளரும் வரை பிரிக்காமல் இருப்பது நல்லது. பிரிக்காமலே விட்டால் சில ஆண்டுகளில் உருண்டையான ஒரு குடியிருப்பாகிவிடும், அதுவே இன்னும் அழகு.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு ஆண்டுதோறும் வரும் ஊர் இது. மழைக்காலத்தில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்கச் சொல்வார்கள். அன்னாசிக் குடும்பத்தின் வேறு சில அலங்காரச் செடிகள் நடுவில் கிண்ணம் போல நீரைத் தேக்கிவைப்பவை. அவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்தாக வேண்டும். டில்லாண்ட்சியாக்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தேக்கமே இல்லை. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, அறைக் காற்றை மாற்ற நாலு செடியால் ஆகாது. ஆனால் காற்றில் இருப்பதை அவை தம்முள் பதிந்துகொள்கின்றன என்பது உண்மை. பிரேசிலின் சாவோ பாலோ நகரத்துக் காற்றில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிய, ஸ்பானிஷ் மாஸைத் தெருக்களில் தொங்கவிட்டுப் பிறகு பகுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வாங்கிவந்த செடியைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படும் வீட்டில், முற்றத்து மாமரத்தில் தானாக ஏறியிருக்கும் செடிக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அதைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். மரத்தை உறிஞ்சும் புல்லுருவி என்று நினைத்து. மலையாளத்தில் இத்திள்கண்ணி எனப்படும் புல்லுருவி மாமரத்தின் உண்மையான பகைதான். கிளைக்குள் தன் உறிஞ்சியை இறக்கி, மரம் ஏற்றிவரும் நீரைப் பங்கு போடும். அது இருக்கும் கிளையில் முடிச்சு வீங்கியிருக்கும், பிய்த்தால் கட்டையோடு உடையும். மரவாழை எனப்படும் ஆர்க்கிட் அப்படி அல்ல. அதன் தடித்த வெள்ளை வேர்கள் பட்டையின் மேலேதான் ஓடும். விரலால் நெம்பினால் பட்டைக்குச் சேதமில்லாமல் பெயரும். வேரின் வெள்ளை உறை ஒரு நீருறிஞ்சி. மழை பட்ட நொடியில் ஈரமேறிப் பச்சையாகும். மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. டில்லாண்ட்சியாவின் இலை செய்யும் அதே வேலையை இங்கே வேர் செய்கிறது. உலகத்துத் தாவர இனங்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று இப்படி மரத்தின் மேல் தொற்றி வாழ்பவை. அவற்றில் மிகப் பெரும் கூட்டம் ஆர்க்கிட்கள்.

மலபார்க் கரையின் தொற்றுச் செடிகளை முதலில் பெரிய அளவில் வரைந்து அச்சிட்ட நூல் ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ். கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் அறிவைக் கொண்டு உருவாக்கிய அந்த 12 தொகுதிகள் 1678-இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியாயின. ரீட் 1691-இல் கடற்பயணத்தில் இறந்துவிட்டார். ஆர்க்கிட்கள் அணிவகுக்கும் கடைசித் தொகுதியை அவர் பார்க்கவில்லை. அதில் ஒரு செடிக்கு அன்ஸ்யேலி மரவாரா என்று பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆஞ்ஞிலி மரத்தில், அதாவது நம் அயினியில், ஏறும் மரவாழை. அஸ்ஸாமியப் பெண்கள் பிஹு விழாவில் கூந்தலில் சூடும் நரிவால் போன்ற பூங்கொத்து இதே செடியுடையது. மாமரத்துக்குரியது, ஈட்டி மரத்துக்குரியது என்றும் சில மரவாழைகள் அங்கே குறிக்கப்படுகின்றன. வைத்தியர்கள் செடியைப் பார்த்தபோதே அது எந்த மரத்தில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ப்பவருக்கு இது இன்றும் உதவும். சொரசொரப்பான, உரியாத பட்டை உள்ள மா, பலா, அயினி போன்ற மரங்களில் வேர் பிடிக்கும். பட்டையை உரித்துக் கொட்டும் கொய்யாவில் நிற்காது. லத்தீனில் முடங்கிக் கிடந்த அந்த நூலைப் பல பத்தாண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் தாவரவியலாளர் கே.எஸ். மணிலால், 2003-இல் வெளியிட்டது திருவனந்தபுரத்தின் கேரளப் பல்கலைக்கழகம். 2008-இல் மலையாளத்திலும் வந்தது.

அதே தொகுதியில் பொன்னம்பூ மரவாரா என்று ஒன்று உண்டு. பொன்மஞ்சள் பூ, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் காணப்படும் வாண்டா ஸ்பாதுலாட்டா. காடழிவும் பறிப்பும் சேர்ந்து அதை அரிதாக்கிவிட்டன. திருவனந்தபுரத்திலிருந்து தென்காசிச் சாலையில் போனால் வரும் பாலோட்டில், 1979-இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. இன்று ஜவஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கியது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் ஏ. ஆபிரகாம், பி. வத்சலாவோடு சேர்ந்து தென்னிந்திய ஆர்க்கிட்களைப் பற்றி 1981-இல் நூல் எழுதியவர். ஆர்க்கிட் அந்த நிறுவனத்துக்குத் தொடக்கத்திலிருந்தே நெருக்கம். ஆர்க்கிட் விதை தூசியைப் போலிருக்கும், உள்ளே உணவே இருக்காது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். சோதனைக்கூடத்தில் பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த ஊடகம் போதும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டிய பின்தான் ஆர்க்கிட்களைக் காட்டைத் தொடாமல் பெருக்கும் வழி திறந்தது. பாலோட்டு விஞ்ஞானிகள் எஸ். சீனியும் பி.ஜி. லதாவும் நீல வாண்டாவைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டு மரங்களில் பொருத்தியதைப் பற்றிய கட்டுரை 2000-இல் வந்தது. பொன்னம்பூ மரவாழையை அதே வழியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பியதைப் பற்றிய கட்டுரை 2003-இல். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் படமாக அச்சான செடி, கண்ணாடிக் குழாயில் முளைத்து, மீண்டும் மரமேறியது இந்த மாவட்டத்தின் அமைதியான சாதனைகளில் ஒன்று. போதிய அளவு பேசப்படாதது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலைச் சுற்றுலா இடங்களின் சாலையோரங்களில் காட்டிலிருந்து பிய்த்த ஆர்க்கிட்களைக் கட்டுக்கட்டாக வைத்து விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சமவெளி வெப்பத்தில் ஓர் ஆண்டைத் தாண்டுவதில்லை. வாங்குகிறவர் அடுத்த ஆண்டு இன்னொன்றை வாங்குகிறார், காட்டில் ஒரு கிளை காலியாகிறது. டில்லாண்ட்சியாக்களுக்கும் இதே கதை நடந்தது. குவாத்தமாலா, எல் சால்வடார், ஹொண்டுராஸ், மெக்சிகோ நாடுகளில் வளரும் பெரிய வெள்ளிச் சுருளான ஜெரோகிராபிகா கட்டுப்பாடில்லாமல் பறிக்கப்பட்டு, 1992-இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று அந்த உடன்படிக்கையின்படியான அனுமதிச் சான்று இல்லாமல் அது நாடு கடக்க முடியாது. எங்கே வளர்த்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு தொற்றுச் செடி மூட்டைக் கணக்கில் இறங்குகிறது: கொல்லிமலையின் முடவாட்டுக்கால் கிழங்கு. ஆட்டுக்கால் போல மயிரடர்ந்திருக்கும் அது கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் ஒரு பன்னத்தின் தண்டு. மூட்டுவலிக்கு நல்லது என்று சூப் வைத்துக் குடிக்கிறார்கள். அந்தப் பன்னத்துக்கு இரண்டு வகை இலை. பச்சையிலை உணவு தயாரிக்கும். பழுப்பிலை உதிராமல் தண்டை அணைத்து நின்று, மேலிருந்து விழும் சருகைப் பிடித்துத் தனக்கென்று மண் செய்யும். மண்ணே இல்லாத உயரத்தில் மண்ணை உண்டாக்கும் செடி வளர எத்தனை காலம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

அதே பன்னம் திருவனந்தபுரத்தின் சாலையோர மரங்களிலும் இருக்கிறது. நகரத்துக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்கள் டில்லாண்ட்சியாவின் தாயகப் பக்கத்திலிருந்தே, தென் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும், வந்தவை. அகலமாக விரிந்து படுக்கைவாட்டில் ஓடும் கிளைகள், வெடிப்பு விழுந்த பட்டை, மழைக்கு முன் சுருங்கி வெளிச்சத்தை இறக்கும் இலைகள். தொற்றுச் செடிகளுக்கு ஏற்ற வீடு. ஒரு மரத்தைச் சாலை விரிவாக்கத்துக்காக வெட்டும்போது கணக்கில் ஒரு மரம் என்றே எழுதப்படுகிறது. அதன் மேல் இருந்த பன்னங்களும் மரவாழைகளும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மழைக்கு முன் மின்வாரியத்தார் கம்பியில் உரசும் கிளைகளை அகற்றுவார்கள்; ஊர்ப் பேச்சில் ‘டச்சிங் வெட்டு’. முதல் கோடைப் புயலிலும் கிளைகள் ஒடிந்து விழும். தெருவோரம் குப்பைக்குப் போகக் காத்திருக்கும் அந்தக் கிளைகளில்தான் வீட்டுத் தோட்டக்காரர் தம் செடியைத் தேட வேண்டும். காட்டுக்குள் விழுந்து கிடப்பதை எடுப்பது சட்டப்படி குற்றம், அது அங்கேயே மட்கட்டும். தெருவில் விழுந்ததை எடுத்து வரலாம். காய்ந்த வேர்களை நறுக்கிவிட்டு, ஒரு நாள் நிழலில் வைத்து வெட்டுக்காயம் ஆறிய பின், ஊறவைத்துப் பிழிந்து கறை போக்கிய தேங்காய்க் கதம்பையில் வைத்துத் தங்கூசி நரம்பால் அசையாமல் கட்ட வேண்டும். குருத்து மேல்நோக்காமல் சற்றுச் சாய்ந்திருந்தால் நீர் வழிந்து ஓடிவிடும். கட்டிய கதம்பையைக் கிழக்குப் பார்த்த ஜன்னல் கம்பியிலோ மாமரத்தின் கவையிலோ மாட்டலாம். முதல் மாதம் எதுவும் நடக்காது, சில இலைகள் மஞ்சளாகவும் செய்யும். புதிய வேரின் பச்சை நுனி கதம்பையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும் வரை கட்டை அவிழ்க்க வேண்டாம். வாண்டா வகைகளுக்கு அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆகலாம்.